கிட்னி கொடுக்க வரும் அம்மாவுக்கும் யூரின் டெஸ்ட்

இருபது வயதுப் பையனுக்கு டயாலிசிஸ் தேவைப்படும் என்று சொன்னதுமே, "என்னோடத எடுத்துக்கோங்க டாக்டர்" என்பார் கூட வந்த அம்மா. நான் உடனே சரி சொல்வதில்லை. பையனுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா, தாய்மாமன் யாருக்காவது சின்ன வயதில் கிட்னி போனதா என்று முதலில் கேட்பேன்.

சில நேரம் பதில் காதுக்கருவியாகப் பையன் காதிலேயே இருக்கும். சின்ன வயதில் சளி, காய்ச்சல் வந்தால் சிறுநீர் கோலா நிறத்தில் போயிருக்கும். "உடம்புச் சூடு" என்று இளநீர் கொடுத்துச் சமாளித்திருப்பார்கள்.

இதெல்லாம் சேர்ந்தால் எனக்கு ஆல்போர்ட் நோய்தான் ஞாபகம் வரும். சிறுநீரக வடிகட்டியின் சவ்வு, உள்காது, கண் லென்ஸின் உறை மூன்றிலும் நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதம் உண்டு. அதை உருவாக்கும் மரபணுவில் பிழை. பெரும்பாலும் அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பது. ஆணுக்கு ஒரே எக்ஸ், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அதனால் பலருக்கு 40 வயதுக்குள் கிட்னி போய்விடுகிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இன்னொரு வகையும் வரலாம். அதில் பெண் பிள்ளைக்கும் அதே தீவிரம்.

அம்மாவுக்கு இன்னொரு எக்ஸ் நன்றாக இருப்பதால் நோய் மெதுவாகப் போகும். அதற்காக, "நீங்க கேரியர்தான் (பிழையான மரபணுவைச் சுமப்பவர்தான்), பயமில்லை" என்று அனுப்பிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கும். ஐரோப்பியக் குடும்பங்களில் நடந்த ஆய்வொன்றில், 60 வயதுக்குள் சுமார் 30 சதவீதப் பெண்களுக்குக் கிட்னி செயலிழந்திருந்தது. இருப்பதில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அவர் பாடு என்ன? அதனால் முதலில் அவருக்கு யூரின் டெஸ்ட், பிரஷர், முடிந்தால் மரபணுப் பரிசோதனை. அக்கா, தங்கை, தம்பிக்கும் அதேதான். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகத் தொடங்கும்போதே ராமிப்ரில் போன்ற மாத்திரை கொடுத்தால் டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போடலாம்.

"என்னாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சா?" என்ற கேள்வியும் வரும். அப்போது மாமியாரையும் கணவரையும் உள்ளே கூப்பிட்டு, இது யார் தப்பும் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்வது என் வழக்கம். அப்படியே, அப்பா கிட்னி கொடுக்க முடியுமா என்று பார்க்க, அவர் ரத்த வகையையும் கேட்டுவிடுவேன். எக்ஸ் வகை என்று உறுதியானால், மகனுக்கு இந்தப் பிழை அவரிடமிருந்து வந்திருக்க முடியாது.