பேன்ட் அளவு 32 என்றால் தொப்பை இல்லை என்று அர்த்தமா?

மனைவியின் உடம்பைக் குறைக்க வேண்டும் என்று ஒருவர் போன வாரம் அழைத்து வந்தார். அந்த அம்மாவுக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை. ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் சரி. யாரோ கொடுத்த 'கொழுப்பைக் கரைக்கும்' பவுடரை மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கி, எண்ணெயையும் அறவே விட்டிருந்தார். "எனக்கு எதற்கு சார் பரிசோதனை? நான் 62 கிலோதான்" என்ற கணவரின் ரத்தத்தையும் வற்புறுத்தி எடுத்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 168, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 290. இரண்டுமே அதிகம். ஸ்கேனில் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு.

இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது 'ஒல்லி' இவர்.

"மெஷினில் ஏதோ தவறு சார். பத்து வருடமாக என் பேன்ட் சைஸ் 32தான்" என்றார். மறுநாள் திரும்ப எடுத்தோம். அதேதான்.

இந்த பேன்ட் கணக்கைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. தொப்பை வளர வளர பேன்ட் அதற்குக் கீழே இறங்கிக்கொள்கிறது ஐயா! பெல்ட் தொப்பையைச் சுற்றி இல்லை, தொப்பைக்கு அடியில் இருக்கிறது. 32 அங்குலம் என்றால் 81 சென்டிமீட்டர். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்தபோது இவருக்கு 94. நம் ஊர் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினால் எச்சரிக்கை. அளக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்காதீர்கள். ஏமாறப்போவது நான் இல்லை.

தோலுக்கு அடியில், இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது. குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேர்வதுதான் வம்பு. அது கண்ணாடியில் தெரியாது, எடை இயந்திரத்திலும் தெரியாது. புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கு இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எங்கள் தொழிலிலும் குற்றம் உண்டு. உயரம், எடை பார்த்து 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். என் மேசையிலேயே பல வருடம் இஞ்ச் டேப் கிடையாது.

கொழுப்பே கூடாது என்பது இன்னொரு அறியாமை. பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புச் செல்களிலிருந்துதான் வருகிறது. பட்டினி கிடந்து அளவுக்கு மீறி இளைத்த கல்லூரிப் பெண்கள், மாதவிலக்கு நின்றுபோய் வந்திருக்கிறார்கள். அம்மாக்களே, பெண் பிள்ளைகளை 'குண்டு' என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கணவருக்குச் சொன்னது இவ்வளவுதான். இரவில் சோற்று மலையைப் பாதியாக்குங்கள். பருப்பு, முட்டை, சுண்டல் கூடட்டும். பாட்டில் ஜூஸும் மதுவும் வேண்டாம். தினமும் அரை மணி நேரம் வியர்க்க நடங்கள். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். வயிற்றில் கட்டும் அதிரும் பெல்ட்டை வாங்காதீர்கள், இடம் பார்த்துக் கொழுப்பு கரையாது. எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் கழித்து டேப்போடு வாருங்கள்.

அவர் தலையாட்டினார். அந்த அம்மாவுக்கோ வேறு கவலை: பவுடர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைக்குமா என்று கேட்டார். மூடியைத் திறந்துவிட்டாராம்.