ஒன்ராறியோப் பாடசாலையில் பெற்றோர் கவுன்சில் ஊடாகக் கேட்டால் பதில் தரவேண்டும், அது சட்டம்

ஸ்காபரோவுக்குப் புதிதாக வரும் குடும்பங்களுக்குப் பாடசாலை அலுவல்களில் உதவுவது என் வேலை. நான் சந்திக்கும் தமிழ்ப் பெற்றோர் பாடசாலைக்காக எதுவும் செய்வார்கள். பல்கலாசார இரவுக்கு நூறு ரோல்ஸ் சுட்டுக் கொண்டுவருவார்கள், சுற்றுலாவுக்குப் பிள்ளைகளுடன் துணைக்குப் போவார்கள். ஆனால் பாடசாலைக் கவுன்சில் கூட்டம் என்றதும், "அது இங்கிலீஷ் கதைக்கிற ஆக்களுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் தங்களுக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆதங்கம்.

ஒன்ராறியோ ஒழுங்குவிதி 612/00 இன்படி மாகாண நிதியில் நடக்கும் ஒவ்வொரு பாடசாலையிலும் கவுன்சில் ஒன்று இருக்கவேண்டும். அதில் பெற்றோரே பெரும்பான்மை. தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். அதிபர் உறுப்பினராக இருப்பார், வாக்களிக்க முடியாது. பாடசாலை தொடங்கி 30 நாட்களுக்குள் தேர்தல் நடக்கவேண்டும்; வருடத்துக்குக் குறைந்தது 4 கூட்டங்கள், எல்லாம் யாரும் வந்து இருக்கக்கூடியவை. தேர்தலில் நிற்கவோ வாக்களிக்கவோ குடியுரிமை தேவையில்லை. உங்கள் பிள்ளை அங்கே படிக்கிறதா, அது போதும். அகதிக் கோரிக்கை இன்னும் முடியாத ஒரு தாய்கூட நிற்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு விதி உண்டு. கவுன்சில் எந்த விடயத்திலும் அதிபருக்கோ, பாடசாலைகளை நடத்தும் கல்விச் சபைக்கோ பரிந்துரை செய்யலாம். அவர்கள் அதைக் கவனத்தில் எடுத்து, என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று கவுன்சிலுக்குத் திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும். பரிந்துரையை ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதில் சொல்லாமல் விடத்தான் முடியாது. வாசலில் நின்று அதிபரிடம் பத்துத் தடவை முறையிட்டாலும் கிடைக்காத உரிமை இது.

இந்த உரிமையைப் பயன்படுத்தவும் ஒரு முறை இருக்கிறது. ஒரு தகப்பன் முதல் தடவையாகக் கூட்டத்துக்கு வந்தார். தன் மகனின் கணித ஆசிரியரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. தலைவர் இடைமறித்ததும் கோபத்துடன் எழுந்து வெளியே வந்துவிட்டார். "கதைக்க விடாட்டில் என்னத்துக்குக் கூப்பிடுறவை?" என்று என்னிடம் கேட்டார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் தலைவர் செய்ததும் சரிதான். ஒரு பிள்ளையின் விடயத்தை, ஒரு ஆசிரியரின் பெயரை, அந்த மேசையில் வைத்துப் பேசக்கூடாது. அதற்கு முதலில் ஆசிரியர், பிறகு அதிபர், அதற்கும் மேல் அதிபர்களை மேற்பார்வை செய்யும் கல்விச் சபை அதிகாரியான சுப்பிரின்டென்டன்ட் என்று வேறு வழி இருக்கிறது.

அந்தத் தகப்பனும் நானும் இருந்து ஆறுதலாகக் கதைத்தபோது உண்மையான சிக்கல் வெளியே வந்தது. அவருக்குக் களஞ்சியத்தில் பின்னேர ஷிப்ட். பெற்றோர் சந்திப்புக்குப் பாடசாலை தந்த நேரமெல்லாம் அந்த ஷிப்டுக்குள் விழுந்தது. ஆசிரியரை அவர் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. இது அவர் ஒருவருடைய பிரச்சினை இல்லையே! இரண்டே வரியில் எழுதினோம்: "பெற்றோர் சந்திப்புக்குக் காலை வேளையிலும் தொலைபேசியிலும் நேரம் ஒதுக்கவேண்டும் எனக் கவுன்சில் பரிந்துரைக்கிறது. அதிபரின் பதிலை அடுத்த கூட்டத்தில் எதிர்பார்க்கிறோம்." தலைவர் அதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்தார், வாக்கெடுப்பில் நிறைவேறியது. அடுத்த கூட்டத்தில் அதிபர், தொலைபேசிச் சந்திப்பு தரலாம், காலை நேரம் ஆசிரியர்களின் விருப்பத்தைப் பொறுத்தது என்றார். கேட்டதில் பாதிதான். ஆனாலும் அந்தப் பதில் கூட்டக் குறிப்பில் ஏறியது. அடுத்த தவணையில் அவர் ஆசிரியருடன் தொலைபேசியில் கதைத்தார்.

பாடசாலைக்கு மேலே, ஒவ்வொரு கல்விச் சபையிலும் பெற்றோர் ஈடுபாட்டுக் குழு ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பு போல எல்லாப் பாடசாலைக்கும் பொதுவான விடயங்களை அங்கே கொண்டுபோகலாம்.

கல்விச் சபையில் இருக்கும் இன்னொரு குழுவான விசேட கல்வி ஆலோசனைக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பிள்ளைக்கு ஒட்டிசம் என்றோ கற்றல் இடர்ப்பாடு என்றோ தெரிந்தால், அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் எங்களிடையே இன்னும் இருக்கின்றன. அந்தப் பெற்றோர்தான் இந்த மேசையில் இருக்கவேண்டியவர்கள். ஒழுங்குவிதி 464/97 இன்படி இந்தக் குழு வருடத்துக்குக் குறைந்தது 10 தடவை கூடவேண்டும். கல்விச் சபையின் விசேட கல்வித் திட்டத்தின் வருடாந்த மீளாய்விலும் அதற்கான வரவுசெலவுத் திட்டத்திலும் பங்கெடுக்க அதற்கு வாய்ப்புத் தரப்படவேண்டும். ஆனால் இங்கே நேரடியாகத் தேர்தலில் நிற்க முடியாது. பெரும்பாலும் ஒட்டிசம் ஒன்ராறியோ போன்ற பெற்றோர் அமைப்புகளின் உள்ளூர்க் கிளைகள்தான் ஆட்களை முன்மொழியும். அதனால் முதலில் அந்த அமைப்பில் சேருங்கள். கல்விச் சபைத் தேர்தலில் வாக்குரிமை உள்ளவரைத்தான் நியமிக்கலாம் என்பதால் இதற்குக் குடியுரிமை அவசியம். குடியுரிமை இல்லாதவர்கள் தங்கள் கருத்தை அமைப்பின் பிரதிநிதி மூலம் மேசைக்குக் கொண்டுவரலாம். உங்கள் பிள்ளையின் தனிப்பட்ட கல்வித் திட்டத்தையோ வகுப்பு மாற்றத்தையோ இந்தக் குழு தீர்க்காது. கல்வித் திட்டத்தைப் பற்றி ஆசிரியரிடமும் அதிபரிடமும் கதையுங்கள். வகுப்பு மாற்றத்துக்கு அதிபரிடம் எழுத்தில் கேட்டு, பிள்ளையின் தேவையை இனங்கண்டு எந்த வகுப்பில் வைப்பது என்று முடிவெடுக்கும் இனங்காணல், இடமமைப்பு, மீளாய்வுக் குழுவைக் (IPRC) கூட்டச் சொல்லவேண்டும்.

2025 ஜூனில் ரொறன்ரோவின் பொதுக் கல்விச் சபை, கத்தோலிக்கக் கல்விச் சபை இரண்டையும் மாகாண அரசு மேற்பார்வையாளரின் கீழ் கொண்டுவந்து, வாக்காளர் தெரிவுசெய்த சபை உறுப்பினர்களான ட்ரஸ்டிகளின் முடிவெடுக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. "இனி யாரிட்டைச் சொல்லுறது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். ட்ரஸ்டியின் கதவு அடைபட்ட இடத்தில், பதில் கேட்கக்கூடிய இந்தக் குழுக்களை வெறுமையாக விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கூட்டத்துக்கு முன்பே அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே போய் நின்று கேட்டால் நடக்காது. வேலை காரணமாக வரமுடியாதவர்கள் கூட்டக் குறிப்பையாவது பாருங்கள். 4 வருடங்களுக்கு உட்பட்ட கவுன்சில் குறிப்புகளை யாரும் பாடசாலையில் காசின்றிப் பார்க்கலாம். அதில் பதில் வராத பரிந்துரை ஏதும் கிடந்தால், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லித் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.