அந்தக் குட்டி அப்படியே இருக்காது

இந்த வருடத்தில் இது மூன்றாவது. துணி போர்த்திய நாய்க்கூண்டைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார் ஒருவர். “டாக்டர், ஒரு வாரமா பின்னங்காலை ஊன்ற மாட்டேங்குது.” துணியை விலக்கினால் உள்ளே ஏழு மாதக் கேப்பிபரா. எடை போட்டேன், 9 கிலோ. அந்த வயதுக்கு ரொம்பக் குறைவு. முழங்கால் மூட்டு வீங்கியிருந்தது, தொட்டதும் அலறியது. உதட்டை விரலால் ஒதுக்கிப் பார்த்தேன். முன்பல்லைச் சுற்றி ஈறில் ரத்தக் கசிவு.

என்ன சாப்பிடுகிறது என்று கேட்டேன். “முயல் தீவனம்தான் டாக்டர். ஆனா அளவாத்தான் போடுறோம். நிறையப் போட்டா பெருசா வளந்துடும்னு வித்தவர் சொன்னார்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேப்பிபரா உலகிலேயே பெரிய கொறிவிலங்கு. தென் அமெரிக்காவின் ஆற்றோரங்களும் சதுப்பு நிலங்களும்தான் அதன் ஊர். வளர்ந்தால் நீளம் 1 மீட்டரைத் தாண்டி 1.3 மீட்டர் வரை போகும். தோள் உயரம் 50 முதல் 60 சென்டிமீட்டர். எடை 35 முதல் 65 கிலோ. பெண்தான் ஆணைவிடக் கொஞ்சம் கனம். கினிப்பன்றிக்கு நெருங்கிய சொந்தம் என்பது உண்மைதான். அதற்காகக் கினிப்பன்றிக் கூண்டில் வைத்துவிட முடியுமா?

தீவனத்தைக் குறைத்தால் சின்னதாகவே நிற்கும் என்பது தொட்டிக்குத் தகுந்தபடிதான் மீன் வளரும் என்பதைப் போன்ற கதை. எவ்வளவு வளர வேண்டும் என்பது பிறவியிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் தீவனத்தில் கைவைத்தால் அந்தக் கணக்கு மாறிவிடாது. எலும்பு நீளப் பார்க்கும், அதற்கு வேண்டிய சத்து இருக்காது. மூட்டு கோணும், தசை வற்றும், சாதாரணக் காயம்கூட ஆறாது. அப்படியும் ஒன்று பிழைத்துக் கிடந்தால் அது குட்டை இனம் ஆகிவிடாது, பட்டினி கிடந்த கேப்பிபரா, அவ்வளவுதான். “இது மினி வகை சார்” என்று விற்பவர்களும் உண்டு. சிறிய கேப்பிபரா என்று ஓர் இனம் நிஜமாகவே இருக்கிறது. பனாமா, கொலம்பியா, வெனிசுலா பக்கம். அந்தச் ‘சிறிய’ விலங்கே சுமார் 28 கிலோ வரும்!

ஏமாற்றுவது அந்தக் குட்டிப் பருவம்தான். கர்ப்பகாலம் ஏறக்குறைய ஐந்து மாதம், அதாவது 130 முதல் 150 நாள். அவ்வளவு நாள் வயிற்றில் இருப்பதால் கண் திறந்து, முடி முளைத்து, பல்லோடுதான் பிறக்கும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் நான்கு. எட்டு வரைகூடப் போடும். பிறக்கும்போது ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ இருக்கும். முதல் வாரத்திலேயே புல் கடிக்கும், ஆனாலும் சுமார் 16 வாரம் பால் வேண்டும். பெற்றவளிடம் மட்டுமல்ல, கூட்டத்தில் பால் கொடுக்கும் எந்தத் தாயிடமும் குடிக்கும். வீடியோக்களில் நீங்கள் ரசிப்பது பெரும்பாலும் இந்தச் சில வாரங்களைத்தான். ஒன்றரை வயதில் 35 கிலோவை எட்டி, இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். நல்ல பராமரிப்பில் 12 வருடம்வரை இருக்கும். பத்து வயதுப் பிள்ளை ஆசைப்பட்டதென்று வாங்குகிறீர்கள், சரி. பிள்ளை படித்து முடித்து வெளியூர் போன பிறகு யார் பார்ப்பது?

மேசையில் இருந்த குட்டிக்கு வருகிறேன். அதற்கு ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய். மனிதர்களைப் போலவே கேப்பிபராவும் வைட்டமின் சி-யை உடம்பில் தயாரிக்காது. முயல் தயாரிக்கும், அதனால் முயல் தீவனத்தில் அதைச் சேர்க்கும் தேவையே இல்லை. காட்டில் கேப்பிபரா பொழுதெல்லாம் பச்சைப் புல் மேய்வதால் இந்தக் குறை வருவதில்லை. வளர்ந்த ஒன்று நாளுக்கு 3 கிலோவுக்கு மேல் புல் தின்னும். பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் நிறைந்த புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். ரொட்டியும் பிஸ்கெட்டும் கொடுத்தால் கடைவாய்ப்பல் கூராகி நாக்கைக் கிழிக்கும். இந்த விலங்குக்கு வாய் திறப்பு மிகக் குறுகல், மயக்க மருந்து கொடுக்காமல் உள்ளே பார்க்கவே முடியாது. அப்புறம், தன் சாணத்தைத் தானே தின்கிறதென்று தயவுசெய்து அடிக்காதீர்கள். ஒருமுறை செரித்ததில் மிச்சமிருக்கும் சத்தை அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்.

போன வருடம் ஒருவர் மூக்கின்மேல் புற்றுநோய்க் கட்டி என்று அழாத குறையாக வந்தார். கறுப்பாக, முடியில்லாமல், பளபளவென்று ஒரு மேடு. வயதுக்கு வந்த ஆணின் வாசனைச் சுரப்பி அது! பெண் என்று சொல்லி வாங்கியிருந்தார். விற்றவரைக்கூட முழுதாகக் குறைசொல்ல முடியாது. ஆணுக்கு விதைப்பை வெளியே தெரியாது, கைபழகியவர் தடவிப் பார்த்தால்தான் உண்டு. “இரண்டும் பெண்” என்று ஜோடியாக வாங்கினால் ஐந்து மாதம் கழித்து ஆறாகலாம்.

முதலையோடு சேர்ந்து வெயில் காயும் சாது என்கிறார்கள். அங்கே கெய்மன் முதலைகள் கேப்பிபராக் குட்டிகளைப் பிடித்துத் தின்னும். அனகோண்டாவும் ஜாகுவாரும் பெரியவற்றையே விடாது. ஆபத்தென்றால் நாய் குரைப்பதுபோலச் சத்தம் கொடுத்துக் கூட்டத்தோடு தண்ணீரில் பாயும், ஐந்து நிமிடம்வரை மூழ்கிக் கிடக்கும். 10, 20 பேராக வாழும் விலங்கு அது. தனியாக ஓர் அறையில் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சாது என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அது பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. மூலையில் மடக்கித் தூக்கப் பார்த்தால் கடிக்கும். அந்த முன்பல் கடிக்குத் தையல் போடாமல் முடியாது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் உங்கள் நாட்டு வனவிலங்குச் சட்டத்தைப் பாருங்கள். சட்டம் விட்டாலும் குறைந்தது இன்னொரு துணை, மேய்ச்சல் நிலம், நீந்தும் ஆழத்துக்குக் குளம், இந்த மூன்றும் இல்லையென்றால் வேண்டாம். குளியல் தொட்டி குளமாகாது. நீரில்லாமல் தோல் வறண்டு வெடிக்கும். காட்டில் பிடித்த குட்டி என்றால் கிட்டவே போகாதீர்கள். பிரேசிலில் உயிரைப் பறிக்கும் புள்ளிக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகள் கேப்பிபரா மேல்தான் கூட்டமாக ஏறுகின்றன.

ஏற்கெனவே வளர்ப்பவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது. பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும் எந்நேரமும் கிடைக்கட்டும். வைட்டமின் சி எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக மாத்திரை உடைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதுங்கள். அந்தக் குட்டி மூன்றாவது வாரத்தில் நான்கு காலையும் ஊன்றியது. ஆனால் ஒரு முழங்கால் நேராகவில்லை, இனி ஆகவும் ஆகாது. அடுத்து யாராவது காலை இழுக்கும் கேப்பிபராவைத் தூக்கிவருவதானால், தீவன மூட்டையின் அட்டையையும் கிழித்து எடுத்து வாருங்கள். நான் முதலில் அதைத்தான் படிப்பேன்.