டர்போசார்ஜர்: 'மின்னேற்றி' அல்ல, காற்றுத்திணிப்பி

'சுழல் மின்னேற்றி' என்ற சொல்லை இனியும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் மோட்டார் மெக்கானிக் வேலை பழகும் பிள்ளைகளுக்குக் கொடுத்த குறிப்புத்தாளில் அதை முதலில் கண்டேன். அப்புறம் ஓர் உதிரிப்பாக விளம்பரத்தில் கண்டேன். இப்போது காணொளிகளின் கீழே ஓடும் தமிழ் வரிகளிலும் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் அது குறிப்பது டர்போசார்ஜரை, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவியை. அந்தக் குறிப்பைப் படித்த பையன் ஒருவன் கராஜில், "இதிலிருந்து பெட்டரிக்கு எந்த வயர் போகுது பாஸ்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழை இல்லை. மின்னேற்றி என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளை வயரைத்தான் தேடும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் 'டர்போ' என்றால் சுழல்காற்று, பம்பரம். 'சார்ஜ்' என்பது வண்டியைக் குறித்த 'கார்ருஸ்' என்ற லத்தீன் சொல்வழி வந்தது; வண்டியில் சுமை ஏற்றுவதே முதற்பொருள். 'கார்' என்ற சொல்லுக்கும் அதுதான் வேர். சுமையிலிருந்து துப்பாக்கிக்கு மருந்து இடுவதற்கும், பிறகு மின்கலத்தில் மின்சாரம் ஏற்றுவதற்கும் பொருள் விரிந்தது. எஞ்சின் கட்டியவர்கள் 'சார்ஜ்' என்று சொன்னது வேறு: ஒரு தடவை சிலிண்டருக்குள் போய் நிறையும் காற்றும் எரிபொருளும். அந்த நிறைவை இயல்புக்கு மேல் கூட்டுவது சூப்பர்சார்ஜர். ஜெர்மன் பொறியியலாளர் கொட்லீப் டைம்லர் 1885இலேயே அந்த எண்ணத்துக்குக் காப்புரிமை எடுத்தார். வெளியேறும் புகையின் வேகத்தையே கொண்டு அதை ஓட்டலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃப்ரெட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். அந்த வகைக்கு முதலில் 'டர்போசூப்பர்சார்ஜர்' என்று பெயர். நடுவிலிருந்த 'சூப்பர்' பிற்காலத்தில் உதிர்ந்துபோனது.

டர்போவின் இந்த வரலாற்றில் எங்கேயும் மின்சாரம் இல்லை. போன் சார்ஜரை மின்னேற்றி என்கிறோம், ஆகவே எந்தச் சார்ஜரும் மின்னேற்றிதான் என்று அகராதியின் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டவர் செய்த மொழிபெயர்ப்பு இது. மின்சாரக் கார்கள் மலைப்பாதையிலும் ஓடுகிற காலத்தில் மின்னேற்றி என்ற சொல்லுக்கு உண்மையான வேலை வந்துவிட்டது. காரை வீட்டில் செருகி வைக்கும் கருவிக்கும், புகைக்குழாயில் பழுக்கச் சூடாகும் இரும்புக்கும் ஒரே பெயர் வைத்தால் கராஜில் யார் எதைக் கேட்கிறார் என்று எப்படித் தெரியும்?

இதைவிட மரியாதையான போட்டிச் சொல் ஒன்று உண்டு: 'விசையூட்டி'. தமிழ்ப் பற்றுள்ளவர்கள் பலர் இதை விரும்புகிறார்கள். ஓசை நன்றாக இருக்கிறது, நீளமும் இல்லை. ஆனாலும் நான் இதை ஏற்கமாட்டேன். எஞ்சினுக்கு விசை கூடுவது கடைசியில் கிடைக்கும் பலன். அந்தப் பலன் எதனால் வருகிறது, அதற்கு எஞ்சின் எதைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதை இந்தச் சொல் மறைத்துவிடுகிறது. விசையூட்டி என்று கேட்டதும், சத்துமாவு மாதிரி கொடுத்தால் போதும், உடம்பு தேறிவிடும் என்ற நினைப்புத்தான் வரும். டர்போ இல்லாமல் வந்த காரில் வெளியே வாங்கிய டர்போவைப் பூட்டச் சொல்லி வருகிற இளைஞர்களிடம் இந்த நினைப்பையே பார்க்கிறேன்.

நடப்பது என்ன? டர்போவைக் கழற்றி மேசையில் வைத்தால் ஒரு தண்டின் இரண்டு முனையிலும் இரண்டு இலைச்சக்கரங்கள் இருக்கும். ஒன்றைப் புகை சுழற்றும். மற்றது வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். சூப்பர்சார்ஜருக்கோ புகை வேண்டாம்; எஞ்சினின் சொந்தச் சுழற்சியிலிருந்தே பெல்ட் போட்டு ஓட்டுவார்கள். அந்தப் பெல்ட்டின் சுமையும் எஞ்சின் தலையிலேதான். இரண்டிலும் அரை பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழக் கடல்மட்டக் காற்றழுத்தம்) கூடுதல் அழுத்தம் கொடுத்தால் சிலிண்டருக்குள் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு காற்று போகும். அமுக்கும்போது சூடேறுவதால் கொஞ்சம் குறையும். காற்றுக்கு ஏற்ப எரிபொருளும் கூட வேண்டும். ஆக வெடிப்பின் அழுத்தமும் வெப்பமும் கூடுகின்றன. அதைப் பிஸ்டன், கனெக்டிங் ரொட், ஹெட் கெஸ்கட், கிளச் எல்லாம் தாங்க வேண்டும்.

கம்பனி டர்போவோடு கட்டிய எஞ்சின் இதற்காகவே கட்டப்பட்டது. பிஸ்டனுக்கு அடியில் ஒயில் பீய்ச்சிக் குளிர்விப்பார்கள், அமுக்க விகிதத்தை (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதை) குறைப்பார்கள், காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வைப்பார்கள். 660 சிசி ஜப்பான் கார்களும், கொள்ளளவை வைத்து வரி போடுகிற நம் நாட்டில் 1000 சிசிக்குள் அடங்கி வருகிற டர்போ கார்களும் ஒழுங்காக ஒயில் மாற்றினால் நன்றாக உழைக்கின்றன. டர்போவோடு பிறக்காத பெட்ரோல் எஞ்சினின் கதை வேறு. அதன் அமுக்க விகிதம் பத்து, பதினொன்று என்று இருக்கும். அதற்குள் இன்னும் காற்றைத் தள்ளினால் தீப்பொறி ஒழுங்காகப் பரவும் முன்னே மீதிக் கலவை தானாகவே வெடிக்கும். பாஸ்மார், அதாவது கராஜ் மெக்கானிக்குகள், 'நொக்கிங்' என்பது இதைத்தான். 92 ஒக்டேன் பெட்ரோலை (ஒக்டேன் எண் குறைந்தால் நொக்கிங்கைத் தாங்கும் தன்மையும் குறையும்) ஊற்றிக்கொண்டு கினிகத்தேனை ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் மிதித்தால் காதுக்கே கேட்கும். பிஸ்டனில் வளையங்களுக்கு இடையிலுள்ள வரம்பு உடைவது இப்படித்தான். பெரிய கம்பனிக்கும் இது நேர்ந்தது: 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்று. அமுக்க விகிதம் 10.25. நொக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவத்தைத் தனித் தாங்கியில் ஊற்றிவர வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். 1963ஓடு அந்தக் கார் நின்றுபோனது.

காற்று, அழுத்தம், தாங்குதல் என்ற இந்தத் தொடரின் முதற்கண்ணியையாவது சொல் காட்ட வேண்டும் என்பது என் வாதம். 'காற்றூட்டி' என்று ஒரு நண்பர் சொன்னார். கிட்ட வருகிறது, ஆனால் மீன் தொட்டிக்கும் கழிவுநீர்க் குளத்துக்கும் காற்று விடுவதைப் பாடநூல்கள் காற்றூட்டல் என்கின்றன. 'காற்றமுக்கி' என்றால் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசர் நினைவுக்கு வரும். நான் சொல்வது 'காற்றுத்திணிப்பி'.

திணிதல் என்றால் பழந்தமிழில் செறிதல், நெருங்கியிருத்தல். திணித்தல் என்றால் இடமில்லாத இடத்தில் நெருக்கி அடைத்தல். டர்போ செய்வது இரண்டும்: நெருக்கி அடைக்கிறது, அதனால் காற்று செறிவாகிறது. இலங்கையில் படித்தவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நம் விஞ்ஞானப் பாடத்தில் 'திணிவு' என்பது ஒரு பொருளில் அடங்கியிருக்கும் பருப்பொருளின் அளவு. தமிழ்நாட்டில் அதையே 'நிறை' என்பார்கள். அதே கொள்ளளவுக்குள் கூடுதல் திணிவுள்ள காற்றை அடைப்பது திணிப்பி என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். இந்தப் பாடச்சொற்களை விட்டுவிட்டு, போன் தருகிற மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்து அச்சடிப்பவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. கராஜில் நின்று அந்தப் பொருளைக் கையால் தொட்டுப் பார்த்த ஒருவரிடம் கேட்டிருந்தால் 'மின்' என்ற எழுத்தே விழுந்திருக்காது.

திணிப்பு என்றால் கெட்ட வாடை அடிக்கிறதே, வலிந்து புகுத்துவதல்லவா என்று கேட்பார்கள். ஆமாம், வலிந்துதான் புகுத்துகிறது. சாதாரண எஞ்சின் தானாகக் காற்றை இழுக்கிறது; இது இழுக்காத காற்றையும் தள்ளுகிறது. அந்த வாடை சொல்லில் இருப்பது நல்லது.

ஆக, சூப்பர்சார்ஜர் காற்றுத்திணிப்பி. டர்போசார்ஜர் சுழலிக் காற்றுத்திணிப்பி. பழைய ஆங்கிலப் பெயரின் அமைப்பும் இதேதான். 'சுழலி' நமக்குப் புதிது அல்ல. லக்சபான, மேல் கொத்மலை நீர்மின் நிலையங்களில் தண்ணீர் சுழற்றுவதை அப்படித்தான் எழுதுகிறோம். கராஜில் 'டர்போ' என்றே சொல்லட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. நான் கேட்பது அச்சில் வருகிற தமிழைப் பற்றி.

மலைநாட்டுக்கு இந்தச் சொல் இன்னும் பொருந்தும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. டர்போ இல்லாத வேன் ரம்பொடை ஏற்றத்தில் மூச்சு வாங்குவதற்கு அதுவும் காரணம். குறைந்த காற்றைத் திணித்து ஈடுகட்டத்தான் 1918இல் அமெரிக்கப் பொறியியலாளர் சான்ஃபர்ட் மொஸ் அந்நாட்டின் சுமார் 4,300 மீற்றர் உயரமான பைக்ஸ் சிகரத்துக்கு ஒரு விமான எஞ்சினைக் கொண்டுபோய் டர்போவைச் சோதித்தார். ஆனால் மெல்லிய காற்றில் அதே அழுத்தத்தைத் தர டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், இன்னும் சூடாகும். ஏறி முடித்ததும் தேத்தண்ணிக் கடை வாசலில் சட்டென்று எஞ்சினை நிறுத்தினால் ஒயில் ஓட்டம் நின்று, தண்டைச் சுற்றி இருக்கும் ஒயில் கரியாகும். ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்த வேண்டும். கரி பிடித்த டர்போவின் காற்றுக்குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியும். இலைகளின் நுனி கூட்டில் உரசித் தேய்ந்திருக்கும்.

கடைசியாக, அதே குறிப்புத்தாளில் இருந்த இன்னொரு சொல். அழுத்தம் அளவைத் தாண்டும்போது சுழலிக்குப் போகும் புகையில் ஒரு பகுதியை வேறு வழியில் திருப்பிவிடும் வால்வு 'வேஸ்ட்கேட்'. அதைக் 'கழிவுக் கதவு' என்று எழுதியிருக்கிறார்கள். கழிவு என்றால் வீண் என்று எடுத்துக்கொண்டு, அதைக் கம்பியால் கட்டி மூடினால் விசை வீணாகாது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மூடினால் திணிப்புக்கு எல்லை இல்லாமல் போகும், எஞ்சின் தாங்காது. 'திணிப்புக் காப்பு வால்வு' என்று எழுதுங்கள்.