மான் வந்ததைக் கேமராவுக்கு யார் சொன்னது?

மிச்சிகனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பக்கத்து வீட்டுக்காரர் மான் வேட்டைக்குப் போகிறவர். காட்டில் ஒரு மரத்தில் கேமராவைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். மான் வந்தால் செல்போனுக்குப் படம் வந்துவிடுகிறது. ராத்திரி இருட்டில் மான் வந்தது அதற்கு எப்படித் தெரிகிறது?"

அமெரிக்காவில் உரிமம் வாங்கி, பருவம் பார்த்து வெள்ளைவால் மானை வேட்டையாடலாம். குளம்புத் தடம், புழுக்கை, மரப்பட்டையில் கொம்பு உரசிய தழும்பு என்று தேடித் திரிந்த வேலையைத்தான் இப்போது இந்தப் பெட்டி செய்கிறது.

பெட்டியின் முன்பக்கம் பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை இருக்கும். ஏன் கண்ணாடி இல்லை? மானின் உடம்புச் சூடு சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்புக் கதிராக வெளிவருகிறது. கண்ணாடி அதை மறித்துவிடும், பாலித்தீன் மறிக்காது. வில்லையில் உள்ள வரிகள் எதிரே உள்ள இடத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து உள்ளே அனுப்புகின்றன.

உள்ளேதான் எனக்குப் பிடித்த சங்கதி. அங்கே இரண்டு சின்னப் படிகத் துண்டுகள். சூடு மாறினால் இந்தப் படிகத்தின் முகங்களில் மின்னூட்டம் தோன்றும். மாறினால் மட்டும்தான். சூடு அப்படியே நின்றால் மின்னூட்டம் கசிந்து போய்விடும். இரண்டு துண்டுகளையும் எதிரெதிராக இணைத்திருப்பார்கள். வெயில் ஏறினால் இரண்டும் ஒன்றாகச் சூடாகும், ஒன்றை ஒன்று கழித்துவிடும். மான் ஒரு பட்டையைக் கடக்கும்போதோ முதலில் ஒரு துண்டு சூடாகும், அப்புறம் மற்றது. மின்னழுத்தம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். அந்தத் துள்ளல்தான் கேமராவை எழுப்புகிறது. அலுவலகக் கழிவறையில் அசையாமல் உட்கார்ந்தால் விளக்கு அணைந்து, கையை ஆட்டியதும் எரிகிறதே, அதுவும் இதே வித்தைதான். அதேபோல, படுத்து அசைபோடும் மான் இதற்குத் தெரியாது.

சுற்றுப்புறமும் மானின் உடம்பளவு சூடாக இருந்தால், குறுக்கே நடந்தாலும் தப்பிவிடும். மாறாக, வெயிலில் சூடேறிய இலை ஆடினால் வெறும் புதரைப் படம் பிடித்து வைக்கும். அந்த மாதிரிப் படத்தை வைத்துப் பேய்க் கதை கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இரவில் படமெடுக்க 850 அல்லது 940 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு விளக்கு. முதலாவது மங்கிய சிவப்புப் பொட்டாக நம் கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. மானுக்குச் சிவப்புப் பக்கம் பார்வை மட்டு.

மானின் படத்தை மானைக் கொண்டே எடுக்கும் யோசனை பழையது. வேட்டைக்காரராக இருந்து கேமராவுக்கு மாறிய ஜார்ஜ் ஷைரஸ், இழுகம்பியும் வெடிவெளிச்சமும் வைத்து எடுத்த படங்கள் 1906இல் நேஷனல் ஜியாகிரஃபிக்கில் வந்தன. இன்று முதுமலையில் புலிகளைக் கணக்கெடுப்பதும் இந்த வகைப் பெட்டியை வைத்துத்தான்.

அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி முதல் வேட்டைக்கு இந்தக் கேமராவைத் தடை செய்துவிட்டது. வறண்ட பூமி, தண்ணீர்க் குட்டைகள் கொஞ்சம். தாகத்துக்கு வரும் மிருகத்தைக் கேமரா வைத்துக் காத்திருந்து பிடிப்பது வேட்டையா? தடை சரி என்பதுதான் என் கட்சி.

பக்கத்து வீட்டுக்காரரின் கேமரா எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மான் தடம் அதற்குக் குறுக்கே போனால் நிறையப் படம் வரும். மான் நேராக அதை நோக்கி நடந்து வந்தால், பட்டைகளைக் கடப்பது குறைவு. சில மான்கள் படத்தில் சிக்காமலே போகலாம்.