ஊசி போட்ட டாக்டரை அடிக்கச் சொல்லாதீர்கள்

ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்கு வரும் குழந்தைகள் பலர் என் அறை வாசலிலேயே அழத் தொடங்கிவிடுகிறார்கள். நான் ஊசியை எடுத்திருக்கவே மாட்டேன். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓர் அலறல். "போன தடவை போட்டு எத்தனை மாதமாகிறது, இதற்கு எப்படி நினைவிருக்கும்?" என்று பெற்றோர் வியப்பார்கள்.

நினைவிருக்கிறது, மனத்தில் இல்லாவிட்டாலும் உடலில் இருக்கிறது. 6, 10, 14 வாரங்களில், பிறகு 9ஆம் மாதத்தில் என்று ஒவ்வொரு முறையும் அதே ஸ்பிரிட் வாசனை, அதே எவர்சில்வர் தட்டின் ஓசை, அதே வெள்ளைக் கோட்டு. அதைத் தொடர்ந்து சுருக்கென்று ஒரு வலி. சில முறை சேர்ந்து வந்ததும் வாசனையும் வலியும் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அதன்பின் வாசனை மட்டுமே போதும். (புது முகங்களைக் கண்டு மிரளும் பருவமும் கிட்டத்தட்ட இதுதான். எல்லா அழுகைக்கும் ஊசியே காரணம் என்று சொல்லமாட்டேன்.)

பாடநூல்களில் இதை ஆக்கநிலையுறுத்தல் என்பார்கள். செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்யரான இவான் பாவ்லோவின் நாய்கள், உணவு வரப்போகிறது என்பதற்கான ஓசையைக் கேட்டதுமே எச்சில் ஊறின. மாடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. கறவை வாளியின் சத்தம் கேட்டாலே பசுவுக்குப் பால் சுரக்கத் தொடங்கிவிடும். என் மருத்துவமனையில் காத்திருக்கும் இளம் தாய்மார்களிடமும் இதைப் பார்க்கிறேன். யாருடைய குழந்தையோ வீறிடும். பாலூட்டும் தாய் ஒருத்தி சட்டென்று முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். அழுகுரல் கேட்டதும் பால் சுரந்து ரவிக்கை நனைந்திருக்கும். அவள் நினைத்துச் செய்ததல்ல அது. வாசலில் அழும் குழந்தையும் நினைத்து அழுவதில்லை. அதைப் 'பயந்தாங்கொள்ளி' என்று திட்டுவது எனக்குப் பொறுக்காது.

குழந்தை ஊசியை மட்டும் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தையும் பார்க்கிறது. அமெரிக்காவில் 1985இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசைமீது தவழவிட்டார்கள். நடுவில் கண்ணாடிக்கு அடியில் ஒரு பள்ளம் தெரியும். எதிர்ப்பக்கம் அம்மா நிற்பார். அம்மா அஞ்சிய முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. மகிழ்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 தாண்டிவந்தன. குரங்குகளும் இதற்கு விலக்கல்ல. சோதனைச்சாலையிலேயே வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டு அச்சமில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு மிரளுவதைப் பார்த்த பிறகு, அவையும் அஞ்சத் தொடங்கின. உளவியலாளர் சூசன் மினேக்காவும் உடன் பணியாற்றியவர்களும் 1980களில் இதைக் காட்டினார்கள்.

ஆகவே, நான் மருந்தை ஏற்றும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு "ஐயோ" என்று முனகும் அப்பாவும் அங்கே ஒரு பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார். "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் மிரட்டுகிறவர்களும் அப்படியே.

இனி, எனக்கு மிகவும் உறுத்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், காலில் ஆணி குத்திய நான்கு வயதுச் சிறுவனைப் பாட்டி தூக்கிக்கொண்டு வந்தார். ஊசி போட்டேன். பையன் ஓவென்று அழுதான். பாட்டி அவன் கையைப் பிடித்து, "அழாதே கண்ணு, இந்த டாக்டர் ரொம்ப மோசம். அடித்துவிடலாம், இதோ பார்" என்று என் கையில் பொய்யாக ஓர் அடி வைத்தார். அழுகை நின்றது. பையன் என்னைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான், என் மணிக்கட்டில் இரண்டு அடி அடித்தான். அறையில் எல்லோரும் சிரித்தோம். பாட்டி சாக்லேட் உறையைப் பிரித்தார்.

அந்த அரை நிமிடத்தில் அவன் கற்றது எவ்வளவு! வலித்தால் அடிக்கலாம் என்பதைப் பார்த்தான். தானே செய்து பார்த்தான். சிரிப்பும் சாக்லேட்டும் கைமேல் பலனாகக் கிடைத்தன. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

சில வாரங்கள் கழித்து அவன் அம்மா வந்தார். பள்ளியில் மற்றப் பிள்ளைகளை அடிக்கிறான் என்று புகார். என் அறையில் நடந்த ஒன்றால் வந்த பழக்கமல்ல அது. பேசப் பேசத் தெரிந்தது: விழுந்தால் தரைக்கு அடி, இடித்துக்கொண்டால் கதவுக்கு அடி, தள்ளினால் அண்ணனுக்கு அடி. நம் வீடுகளில் பாசத்தோடு செய்வதுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961இல் 72 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வில், பெரியவர் ஒரு பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதே விதமாக அடித்தார்கள். பெரியவர் சொன்ன சொற்களைக்கூடத் திருப்பிச் சொன்னார்கள். 1965இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், அடித்தவர் தண்டனை பெறுவதைப் பார்த்த குழந்தைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. ஆனால் 'பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு' என்றதும் அவர்களும் மற்றவர்களைப் போலவே செய்துகாட்டினார்கள். கற்றது உள்ளேதான் இருந்தது.

கடைத்தெருவில் புரண்டு அழும் பிள்ளைக்கு செல்போனைக் கொடுத்து அடக்குவதும் இந்தக் கணக்கில் சேரும். ஐந்து முறை மறுத்து ஆறாவது முறை கொடுப்பது, எப்போதும் கொடுப்பதைவிடக் கெடுதல். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பலனுக்காகச் செய்யும் பழக்கம்தான் எளிதில் விடாது. நிறுத்த முடிவெடுத்தால் முதல் சில நாட்கள் அழுகை முன்னைவிடக் கூடும். அந்த நாட்களில்தான் பெரும்பாலானோர் தளர்ந்துவிடுகிறார்கள்.

போட்ட முடிச்சை அவிழ்க்கவும் முடியும். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தபடியே, கூண்டிலிருந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார். அஞ்சாமல் முயலோடு விளையாடும் பிள்ளைகளையும் உடன் வைத்திருந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான்.

என் அறையிலும் இதையே செய்ய முயல்கிறேன். வெள்ளைக் கோட்டை விட்டுவிட்டேன். தட்டு திரைக்குப் பின்னால் இருக்கிறது. கைக்குழந்தையென்றால் பால் கொடுத்துக்கொண்டே ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறேன், வலி குறையும். பெரிய பிள்ளைகளைப் படுக்கவைத்து அமுக்காமல் மடியில் உட்காரவைத்துப் பிடித்தால் போதும். அக்காவும் தம்பியும் வந்தால், துணிச்சலானவர் முதலில். "சும்மா பார்த்துவிட்டு வரலாம்" என்று பொய் சொல்லி மட்டும் அழைத்துவராதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், நான் பிடித்துக்கொள்வேன்" என்பது போதும்.

அந்தச் சிறுவனை ஊசி இல்லாத நாட்களில் மூன்று முறை வரச்சொன்னேன். எடை பார்த்தான், ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிப் பாட்டியின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டான், போனான். ஐந்து வயது ஊசிக்கு வந்தபோது வாசலில் கொஞ்சம் தயங்கினான். ஊசி ஏறியதும் அழுதான். அழுதுகொண்டே திரும்பிப் பாட்டியின் முகத்தைப் பார்த்தான். பாட்டி அவன் முதுகைத் தடவி, "வலித்ததா? ஆமாம், வலிக்கும் கண்ணு" என்று மட்டும் சொன்னார். அவன் கை பாட்டியின் சேலை நுனியிலேயே இருந்தது.