மாடு வற்றும் மாதங்களுக்கு ஒரு கடன் அட்டை

இரண்டு மூன்று கறவை மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீடுகளில், காசுக்குத் திண்டாடும் காலம் ஒன்று உண்டு. கன்று ஈனுவதற்கு முன்னால் ஏறக்குறைய இரண்டு மாதம் சினை மாட்டை வற்றவிடுவார்கள். பால் பணம் நின்றுவிடும், தீவனச் செலவு நிற்காது. கடையில் பற்று ஏறும், அப்புறம் வட்டிக்காரர். இந்த இடைவெளிக்குக் கைகொடுப்பதுதான் கிசான் கிரெடிட் கார்டு எனப்படும் உழவர் கடன் அட்டை.

பயிர் விவசாயிகளுக்கு 1998இல் வந்த அட்டை இது. 2018-19 மத்திய பட்ஜெட்டில் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவுபடுத்தினார்கள். நிலம் இருக்க வேண்டும் என்று பலர் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். இல்லை. சொந்தக் கொட்டகையோ வாடகைக் கொட்டகையோ இருந்து, மாடு இருந்தால் போதும். சுய உதவிக் குழுவாகவும் கேட்கலாம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: இது மாடு வாங்கும் கடன் அல்ல. புண்ணாக்கு, தவிடு, வைத்தியம், கரண்ட், ஆள் கூலி என்று இருக்கிற மாட்டைப் பராமரிக்கத்தான். "மாடு வாங்கணும்" என்று வங்கியில் போய்ச் சொன்னால் வேறு கடனுக்குத்தான் கைகாட்டுவார்கள்.

ஒரு மாட்டுக்கு எவ்வளவு என்பதை மாவட்ட அளவிலான குழு நிர்ணயிக்கும். 2 லட்சம் வரை வட்டி 7 சதவீதம். தவணை தப்பாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி, ஆக 4. அறுபதாயிரம் ரூபாயை ஒரு வருடம் வைத்திருந்தால் வட்டி 2,400 ரூபாய். அதே தொகையை இரண்டு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கு, வெளியே வாங்கினால் 14,400! அட்டையில் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும்தான் வட்டி ஓடும். கையில் காசு வரும்போது கட்டிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கலாம்.

2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை பிணை (அடமானம்) கேட்கக் கூடாது. இடைத்தரகர் இல்லாமல் கூட்டுறவுப் பால் ஒன்றியத்துக்குப் பால் போய், அதற்கான ஏற்பாடு வங்கியோடு இருந்தால் 3 லட்சம் வரைக்கும் பிணை வேண்டாம். அதனால் சொசைட்டி உறுப்பினர் என்பதையும் பால் ஊற்றும் கணக்கையும் காட்டும் கடிதம் ஒன்றைச் செயலாளரிடம் வாங்கி, ஆதார், பாஸ்புக், போட்டோவோடு கொண்டுபோங்கள்.

தவணைத் தேதியை மட்டும் வங்கியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது தவறினால் அந்த 3 சதவீதம் போய்விடும்.